ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. வாட்ச்மேன் கன்னையன் மட்டும் இருப்பார். எட்டு மாதமாகத் தமீமும் இருந்தான்.

கம்பெனியின் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க்கும் அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து செய்யவேண்டிய வேலை எதுவும் கிடையாது. மனைவி ஜுவைரியா இறந்தபிறகு வீட்டிலும் செய்யவேண்டியது எதுவும் இல்லை. அதனால் வந்தான். முதல் இரண்டு வாரம் ஏன் வந்தீர்கள் என்று கன்னையன் கேட்டார். பிறகு டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

தையல் லைனில் ஒரு கட்டுத் துணி தைத்து முடிந்ததும் டெய்லர் அதன் சீட்டை ஸ்கேனரில் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் கட்டு அவர் பெயரில் ஏறிவிட்டது. நூற்று நாற்பது டெய்லர்களின் சீட்டும் ஒரு பழைய சர்வருக்குப் போய்ச் சேரும். அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் பழையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த சகாயராஜ் ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இங்கே வேறு வேலை கிடையாது. புதிய சிஸ்டம் வந்தால் அதைத் தமீமே பார்த்துக்கொள்வான், சகாயராஜ் தேவையில்லை.

பழசா புதுசா, எது வேகம் என்று அளந்து ஒரே தாளில் தரும்படி மேனேஜர் பெருமாள்சாமி கேட்டிருந்தார். லைன் ஓடும்போது புது மெஷினைச் சொருகி எதையாவது நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

பழசு எப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை அதை அளந்தான். புதுசை மறுநாள், கம்பெனி மூடியிருந்தபோது அளந்தான். ஒரு பெரிய கோப்பை நெட்வொர்க் வழியே அனுப்பி, போய்ச் சேர எத்தனை நேரம் என்று பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பத்து முறை. முதல் முறையைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுத்தான். புதுசில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அப்படி எதுவும் நிலையாக இல்லை.

புதுசு மூன்று மடங்கு வேகம். இரண்டு தசமம் வரைக்கும் எழுதிக் கொடுத்தான். பெருமாள்சாமி தாளைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியோடு சரி என்று சகாயராஜிடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சகாயராஜ் சர்வர் அறைக்கு வந்தான். கோபப்படவில்லை. சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரரிடம் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னான். தறி ஓட்டத் தெரியுமா என்று தமீம் கேட்டதற்கு, சர்வர் ஓட்டவும் பிறக்கும்போது தெரியாது என்றான். மேஜைமேல் கிடந்த தாளின் நகலை எடுத்துப் படித்தான். அடியில் தேதிகள் இருந்தன.

"பதினேழாந் தேதி சனிக்கிழமைல்லா பாய்," என்றான்.

தாளை வைத்துவிட்டுப் போனான்.

திருப்பூரில் வாரக் கூலி சனிக்கிழமை. முடித்த கட்டுகளை அந்த வாரத்திலேயே ஏற்றிவிட வேண்டுமென்று ஐந்து மணிக்குமேல் எல்லா லைனிலும் ஸ்கேனருக்கு முன்னால் வரிசை நிற்கும். வாரத்தில் வேறெப்போதும் சர்வருக்கு அவ்வளவு சுமை இல்லை. அந்த நேரத்தில்தான் பழசை அளந்திருந்தான். புதுசை, ஒரு சீட்டுகூட வராத நாளில். இது அவனுக்குத் தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாள்தான் என்று அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். எட்டு மாதமாக எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது.

சொல்லாமல் விட்டால் சகாயராஜைத் தவிர யாருக்கும் தெரியாது. புதன், வியாழன் இரண்டு நாளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, நாலாம் லைனின் ஒரு ஸ்கேனரை மட்டும் சனிக்கிழமை மாலை புதுசோடு இணைத்துப் பார்க்க வேண்டும் என்று பெருமாள்சாமியிடம் அனுமதி கேட்டான். அவர் முகத்தைச் சுளித்தாலும் தலையாட்டினார்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் ராக்கம்மாள். சீட்டைக் காட்டினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி காட்டினாள். அதன்பிறகே எரிந்தது. அடுத்த சீட்டுக்கும் அதே கதை. பக்கத்து லைனில் பழைய சர்வரோடு இருந்த ஸ்கேனரில் சீட்டு காட்டக் காட்டப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, உங்க புது மெஷினு ஒண்ணு கேட்டா ரோசன பண்ணித்தான் பதில் சொல்லுமாட்ட இருக்குதுங்களே. எங்கூட்டுக்காரரே தேவலைங்க."

லைன் முழுக்கச் சிரித்தது. புருஷன் பெண்டாட்டிப் பேச்சை யாரிடம் எடுத்தோம் என்று ராக்கம்மாளுக்கு உடனே உறைத்தது. சிரிப்பு நின்றது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தமீம் அடுத்த சீட்டைக் காட்டச் சொன்னான்.

காரணம் சர்வர் அறையில் கிடைத்தது. சின்னச் செய்தி ஒன்று வந்தால் புதுசு உடனே பதில் அனுப்புவதில்லை. இன்னும் நாலு வரட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக அனுப்புகிறது. பெரிய கோப்புக்கு அதுதான் வேகம். இருபது எழுத்துச் சீட்டுக்கு அதுதான் தாமதம். அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே சுமையில் வைத்து அளந்தான். பழசும் புதுசும் ஒன்றுபோலவே இருந்தன.

சேர்த்து அனுப்புவது அவனுக்குப் பழக்கமானதுதான். ஜுவைரியா பகலெல்லாம் சின்னச் சின்னதாக அனுப்புவாள். சாப்டாச்சா. இங்க மழை. மீன் வாங்கவா. எல்லாவற்றுக்கும் சாயங்காலம் ஒரே பதிலாக அனுப்புவான். கடைசி நாளன்று மூன்று அனுப்பியிருந்தாள். தல வலிக்குது. ஜாஸ்தியா இருக்கு. வர முடியுமா. அன்று அவன் கூரைக்கடியில் ஏறிக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். ஆறு மணிக்குப் பார்த்தான்.

திங்கட்கிழமை புதுத் தாளோடு பெருமாள்சாமியின் முன்னால் நின்றான்.

"மாத்தறதுல பிரயோசனமில்லீங்க சார். நான் அளந்த விதம் தப்புங்க."

"அப்ப போன வாரம் குடுத்த நம்பரு பொய்யிங்களா?"

"பொய்யில்லீங்க. ஆளே இல்லாதப்ப எடுத்ததுங்க."

பெருமாள்சாமி பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, படித்த ஆள் என்று நம்பித்தானே ஒருத்தனைப் போகச் சொன்னேன் என்றார். இனி அவன் எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டாவது ஆளிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். தமீம் சரி என்றான். நியாயமாகத்தான் பட்டது. சகாயராஜ் இருக்கட்டும், அதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அறை வாசலிலேயே நின்று போனை எடுத்தான். எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதத் தொடங்கி, அழித்தான்.

நீங்க போக வேண்டாம், என்று அனுப்பினான்.

என் அளவு தப்பு, என்று அனுப்பினான்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன் என்று மூன்றாவதை எழுதி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சரி பாய். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. திரையில் சகாயராஜுக்குமேல் ஜுவைரியாவின் பெயர் இருந்தது. அது எப்போதும் முதலில் நிற்கும்படி அவன் எப்போதோ பின் செய்து வைத்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். கன்னையன் கேட்டைத் திறந்து, டீ வேண்டுமா என்று கேட்டார்.