பதினோராவது வேலிக்காரர்

கையைத் தூக்கியவர்களை வக்கீல் நடீன் கிட்ரி இரண்டு தடவை எண்ணினாள். பதினோரு பேர்.

அவள் கேட்டது ஒரே கேள்விதான். "உங்கள்ல யாரு வீட்டு வேலியை யாராச்சும் வெட்டியிருக்காங்க?" ஜூரிக்காக அழைக்கப்பட்டு, மார்பில் எண் அட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்ற பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பதினோரு கைகள் மேலே போயின. எல்லாம் காய்ப்பு ஏறிய கைகள். மாட்டுப்பண்ணைக்காரர்கள்.

டெக்சாஸில் மாட்டு வேலியை வெட்டுவது சின்னக் குற்றம் இல்லை. இரண்டு வருடம் வரை உள்ளே தள்ளலாம். நடீனின் கட்சிக்காரன் வெண்டெல் டாக்கெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், வீட்டை ஒட்டிக் கொஞ்சம் பயிரும் வைக்கிறவன். பக்கத்துப் பண்ணைக்காரர் பாய்ட் லாசிட்டரின் வேலியை வெட்டினான் என்று வழக்கு. விடியற்காலையில் அறுந்த கம்பிக்குப் பக்கத்தில், கையில் குறடோடு நின்றான் என்று சாட்சி. குற்றவாளி என்று ஜூரி சொல்லிவிட்டால் ஜெயில் ஒரு பக்கம் இருக்கட்டும், பிறகு எந்தப் பள்ளியும் அவனை ஸ்டீயரிங் பக்கம் விடாது. இப்போதே இரண்டு மாதமாக அவனை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள்.

"வேலி வெட்டினவன்னு ஒருத்தன் மேல வழக்கு வந்தா, உங்களால நியாயமா தீர்ப்பு சொல்ல முடியுமா ஐயா?" என்று முதல் வரிசையில் இருந்த நான்காம் எண்காரரைக் கேட்டாள்.

"ஏன் முடியாது? அவனை அந்த வேலிக்கம்பத்துலயே கட்டி வைப்பேன். ரொம்ப நியாயமா கட்டி வைப்பேன்" என்றார் அவர். கூட்டமே சிரித்தது. நீதிபதியம்மாகூட மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

நடீன் ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவள். இந்த மாவட்டத்துக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. முள்கம்பியை அவள் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் ஜூரி எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஓர் எண்ணம் அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. காரணம் சொல்லாமல் பத்துப் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட இரு தரப்புக்கும் உரிமை இருக்கிறது. அடிபடாமல் மிஞ்சுகிறவர்களில் முதல் பன்னிரண்டு பேர் ஜூரி. நடீன் யோசிக்கவே இல்லை. வேலி வைத்திருக்கிறவன் வேலி வெட்டியவனை விடமாட்டான் என்பது அவள் கணக்கு. பட்டியலை எடுத்துப் பத்துப் பண்ணைக்காரர்களின் பெயர் மேலும் சரசரவென்று கோடு போட்டாள்.

பதினோராவது ஆள்தான் மிஞ்சினார். பத்தொன்பதாம் எண், ஆர்லிஸ் குபேனா. கைகளைக் கட்டிக்கொண்டு, தொங்குமீசையோடு, கேள்விக்கெல்லாம் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டவர். அரசு வக்கீல் இளைஞன், டாலஸிலிருந்து இறங்கியவன், குபேனாவை அடிப்பானா என்ன? பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஜூரி கூண்டில் பல் மருத்துவமனைப் பெண், நூலகர், கைபேசிக் கடைக்காரர் என்று டவுன்காரர்கள் பதினோரு பேர். ஓர் ஓரத்தில் குபேனா.

"மத்தவங்களை நான் பாத்துக்கறேன். அந்த மீசைக்காரர் பக்கம் மட்டும் திரும்பிடாதே" என்று வெண்டெலின் காதில் சொன்னாள் நடீன்.

மத்தியானம் லாசிட்டர் சாட்சி சொல்ல ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, துடைத்து வைத்த பூட்ஸ். "முந்தின நாள்தான் புதுக்கம்பி போட்டேன். நானே இழுத்து முறுக்கிக் கட்டினேன். தட்டினா கிடார் மாதிரி சத்தம் வரும். விடிஞ்சு பாத்தா அஞ்சு கம்பியும் வெட்டிக் கிடக்கு. இவன் கையில குறடு" என்றார்.

அரசு வக்கீல் வேலியின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பலகையில் வைத்தான். அறுந்த ஐந்து கம்பிகளும் புல்லின் மேல் நீட்டிப் படுத்திருந்தன. டவுன்காரர்கள் பதினோரு பேரும் ஐயோ பாவம் என்கிற முகத்தோடு பார்த்தார்கள். குபேனா மட்டும் முன்னால் சாய்ந்தார். படத்தைப் பார்த்தார், லாசிட்டரைப் பார்த்தார், பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு புருவத்தை மெல்ல மேலே ஏற்றினார்.

நடீன் அதைக் கவனித்துவிட்டாள். அந்தக் கம்பியில் என்னவோ இருக்கிறது. அது என்ன என்று அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது அவளுடைய தொழிலில் முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுக்கிற விஷயம். விடியற்காலை வெளிச்சத்தில் ஆள் தெரிந்ததா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்காரத்தான் எழுதி வைத்திருந்தாள். எழுந்தவள் தாளை மேசையிலேயே விட்டுவிட்டாள். குபேனாவின் புருவம் இன்னும் இறங்கவில்லை.

"லாசிட்டர் ஐயா, நான் டவுன்காரி. ஒண்ணும் தெரியாது. இழுத்து முறுக்கிக் கட்டின கம்பியை வெட்டினா அது என்ன ஆகும்?"

லாசிட்டர் கழுத்துப்பட்டனைத் தொட்டார். பார்வையாளர் பெஞ்சில் காலையில் பெயர் அடிபட்ட பண்ணைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சுருட்டிக்கும்" என்றார்.

"புரியல. எப்படி?"

"சுருண்டு கம்பத்துக்கே ஓடிரும்மா. பக்கத்துல நின்னா மூஞ்சியைக் கிழிச்சிரும்."

நடீன் பலகைப் பக்கம் போனாள். "இந்தப் படத்துல ஒண்ணுகூட சுருளலையே ஐயா. நல்லா தூங்குதே."

பின்பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடுத்த கால் மணியில் லாசிட்டர் நூல் பிரிகிற மாதிரி பிரிந்தார். புதுக்கம்பி இல்லை, பழையதுதான். முறுக்கவே இல்லை, தொய்ந்து போய் இற்று விழுந்து அன்றைக்கே இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருடைய மாடுகள் அந்த வழியாக வெண்டெலின் ஓட்ஸ் பயிரில் இறங்கி மேய்ந்தன. வெண்டெல் குறடோடு வந்தது அந்தக் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்ட. மாடு மேய்ந்த பழி தன் மேல் விழாமல் இருக்கத்தான் லாசிட்டர் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஜூரி உள்ளே போய் இருபது நிமிடத்தில் திரும்பியது. குற்றவாளி இல்லை. வெண்டெல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நடீனுக்கும் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

வராந்தாவில் குபேனா தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா வக்கீலம்மா? அந்தப் பத்துப் பேரை எதுக்கு அடிச்சீங்க?"

"வேலிக்காரங்களாச்சேன்னு..."

"வேலிக்காரனுக்குத்தானே கம்பி தெரியும். லாசிட்டர் ஒத்துக்கிட்டப்புறமும், கம்பி எப்படிச் சுருளும்னு அந்தப் பதினோரு பேருக்கும் உள்ள போய் ஷூ லேஸை இழுத்துக் காட்டி நான் பாடம் நடத்த வேண்டியதாப் போச்சு. நாலாம் நம்பர்காரன் இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிருப்போம்."

நடீனுக்கு முகம் சிவந்துவிட்டது. தானே தேடித் தேடி, தன் கட்சிக்காரனைக் காப்பாற்றக்கூடிய பத்துப் பேரைத் துரத்திவிட்டிருக்கிறாள். கையில் இன்னும் ஒரு கோடு மிச்சம் இருந்திருந்தால் இவரையும் துரத்தியிருப்பாள். அந்த நினைப்பே அவளை உலுக்கியது. பக்கத்தில் நின்ற வெண்டெல் மேல்தான் கோபம் திரும்பியது.

"ஏன்யா, கம்பி சுருளும்னு உனக்கும் தெரியும்தானே? இத்தனை நாள்ல ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

வெண்டெல் சங்கடத்தோடு குபேனாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன் மேடம். கம்பி கதையெல்லாம் எனக்கு வேணாம், ஜூரி எடுக்கறதுல கேஸ் முடிஞ்சிரும்னு சொல்லிட்டீங்க."