அறுபத்திரண்டு லட்சத்தில் ஒருத்தி

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த தெய்வானைக்கு மலாயாவின் காஜா பெராங்கில் அப்போது ஆறு மாதக் குடித்தனம். கணவன் சோலையப்பன் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையின் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெய்வானைக்குக் கையெழுத்து முத்துமுத்தாக வரும். அதைக் கேள்விப்பட்டு, மலாயாவின் முதல் சுதந்திர தின விழாக் குழுச் செயலாளர் ராஜரத்தினம் வீடு தேடி வந்தார்.

"மண்டபத்து வாசல்ல பெரிய பலகை வைக்கிறோம் ஆச்சி. நம்ம நாட்டுல அறுபத்திரண்டு லட்சம் பேர் இருக்கோம்னு நாலு மொழியிலயும் எழுதணும். தமிழ் வரியை நீங்க எழுதிக் குடுங்க."

ஜூன் மாதம் குடிக்கணக்கு எடுக்க வந்தவரிடம் தன் பெயரைச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அந்தத் தொகையில் தானும் ஒருத்தி என்ற சந்தோஷத்தோடு எழுதினாள்: 'மலாயா மக்கள் 62,00,000 பேர்.'

மறுநாள் மாலை, பலகையில் தீட்டிய வரிகளைப் பார்வையிடக் குழு கூடியது; சோலையப்பனும் அதில் ஒருவன். அதற்கடுத்த நாள் காலையில் பெயிண்டர் தேவதாஸ் வாசலில் வந்து நின்றான்.

"ஆச்சி, உங்க வரியில கமா தப்புன்னு சொல்றாங்க. இங்கிலீஷ், மலாய் ரெண்டுலயும் ஆறுக்குப் பக்கத்துல விழுது. உங்களதுல அறுபத்திரண்டுக்குப் பக்கத்துல விழுது. மாத்தச் சொல்லிட்டாங்க. உங்கள ஒரு வார்த்தை கேட்காம அழிக்க மனசு வரல."

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான இருந்தாங்க?"

தேவதாஸ் தரையைப் பார்த்தான். "அவரும் மாத்திடுங்கன்னுதான் சொன்னாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லி அவனை அனுப்பினாள்.

பூக்காரி அஞ்சலை வந்தபோது, ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டினாள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் அஞ்சலை. முதலாவதைப் பார்த்ததும், "அறுபத்திரண்டு லட்சம்" என்றாள். 6,200,000 என்பதை வலப்பக்கத்திலிருந்து விரல் விட்டு எண்ணினாள். "இதுவும் அதேதான். ஆனா ஒண்ணு, பத்து, நூறுன்னு ஆரம்பத்துலேருந்து வரவேண்டியிருக்கு."

வேலை முடிந்து வந்த சோலையப்பனுக்குக் காப்பியோடு அந்தத் தாளையும் நீட்டினாள் தெய்வானை.

"ஊருக்குப் போடுற கடுதாசியில எப்படி எழுதுவீங்க?"

"உன்னை மாதிரிதான்."

"இங்க பேங்குக்கு?"

"அவங்க மாதிரி."

"ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சும், நான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்களா?"

அவன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். "குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கேன் தெய்வானை. இன்னும் இந்தியாக் கணக்கே போடுறான்னு நாலு பேர் நினைச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "சீனக் கடை முதலாளி தவுக்கே தன் வரியைப் பத்தாயிரம் பத்தாயிரமா எண்ணி, அறுநூத்தி இருபதுன்னு எழுதியிருக்காராம். தேவதாஸ் சொன்னான். அவரை யாரும் வெளியூர்க்காரர்னு சொல்லலையே? அவரவர் வாசிக்கத்தானே நாலு வரி?"

சோலையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டான். "நீயும் வா."

மண்டபத்தில் ராஜரத்தினமும் அவர் மனைவி ஜெயாவும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சோலையப்பன் சுற்றி வளைக்கவில்லை. "தெய்வானை எழுதினது சரி. தெரிஞ்சுகிட்டே மாத்தச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

தட்டச்சு வேலை பார்க்கும் ஜெயா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஆறு மில்லியன்னாதான் சட்டுனு புரியும். எங்கம்மாவுக்கு லட்சம்னாத்தான் புரியும். ரெண்டு பேருக்கும் ஆகுற மாதிரி ஏதாச்சும் செய்யுங்க."

தெய்வானை யோசித்தாள். "உங்களுக்கு இங்கிலீஷ் வரி இருக்கு, உங்கம்மாவுக்குத் தமிழ் வரி. கமாத் தகராறு வராம, என் வரியில எண்ணே வேண்டாம். எழுத்தாலேயே எழுதிடுவோம்."

ராஜரத்தினம் தலையசைத்தார். தேவதாஸ் பழைய எண்ணைத் துடைத்துவிட்டு, அவள் எழுதிக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினான்: 'மலாயா மக்கள் அறுபத்திரண்டு லட்சம் பேர்.'

விழா நாளன்று பலகைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. தவுக்கே தமிழ் வரியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் விசாரித்தார். சோலையப்பன் அவருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற தெய்வானையைக் காட்டினான். "இவங்க எழுதினது. என் மனைவி."

தவுக்கே அவளுக்குக் கை கூப்பினார். பதிலுக்குக் கும்பிட்டபோது தெய்வானைக்குப் பெருமையில் காதுவரை சூடேறியது.