இடப்பக்க மூடி

கழுகுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. காலையில் பஸ் பிடித்துக் கண்ணாடிக் கடைக்குப் போவார், வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பவர் பார்ப்பார், மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவார். ஆனால் அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்விளக்கை மட்டும் படத்தில் காட்டினால் போதும். அது எந்தப் பட்டறையில் எந்த வருடம் பிறந்தது, கூடப் பிறந்தவை எத்தனை, அதில் இன்னும் உயிரோடு இருப்பவை எத்தனை என்று கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அதற்காக இணையத்துக் குழுவில் வைத்த பெயர்தான் கழுகு. வீட்டில் அந்தப் பெயருக்குப் பெரிய மரியாதை இல்லை. "கழுகுக்குத் தன் செருப்பு எங்க கிடக்குன்னு மட்டும் தெரியாது" என்பாள் மனைவி.

அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு வேலையே அதுதான். யாராவது ஒரு பழைய படத்தைப் போடுவார்கள், முதலில் வண்டியின் பெயரைச் சொல்கிறவருக்குக் கைதட்டல். வெறும் கைதட்டல், வேறொன்றும் கிடையாது. அந்தக் கைதட்டலுக்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர் நம் கழுகு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் இரண்டு பாடம் சொல்வார். ஒன்று, படத்தில் ஆட்களைப் பார்க்காதே, குறுக்கே நிற்கிறவனை வெட்டி எறிந்துவிட்டு வண்டியைப் பார். இரண்டு, படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். பழைய பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிடுவார்கள், எழுத்தையும் ஸ்டியரிங்கையும் பார்த்தால் தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவர் அவரேதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேக்கரிக்காரர் குழுவில் சேர்ந்தார். புது அடுப்பு போடப் பக்கத்துக் குடோனை வாங்கியிருக்கிறார், அங்கே சாக்கு மூட்டைகளுக்கு அடியில் ஒரு காரின் கூடு கிடந்திருக்கிறது. எஞ்சின் துருப்பிடித்து, டயர் தரையோடு ஒட்டி, ஆனால் அலுமினிய உடம்பு முழுசாக. ஒரே ஒரு இருக்கை, அதுவும் நட்டநடுவில். அருகில் கிடந்த தகர டப்பாவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதே கார் பந்தயத் தடத்தில் நிற்கிறது, பக்கவாட்டில் எட்டு என்ற எண், அதில் சாய்ந்துகொண்டு ஒரு ஆள் சிரிக்கிறான். பேக்கரிக்காரர் கூட்டையும் பழைய படத்தையும் சேர்த்துப் போட்டு, இது என்ன வண்டி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கழுகு பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். இரண்டே வருடம் நடந்து இழுத்து மூடப்பட்ட ஒரு சின்னப் பட்டறையின் வண்டி அது. மொத்தம் பன்னிரண்டுதான் செய்தார்கள். முதலில் செய்த வண்டிக்குப் பெட்ரோல் மூடி இடப்பக்கம். அது தோதுப்படவில்லை என்று மற்ற பதினொன்றுக்கும் வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள். முதல் வண்டி எப்போதோ பழைய இரும்போடு போய் நசுங்கிவிட்டது என்று பேச்சு. பதினொன்றில் நான்குதான் இருக்கும் இடம் தெரியும்.

குடோனில் கிடந்த கூட்டில் மூடி இடப்பக்கம் இருந்தது. பழைய படத்தில் வலப்பக்கம் இருந்தது. அதே வண்டி, இரண்டு இடத்தில் மூடி. நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம். கழுகு நான்கு நிமிடம் யோசித்தார்.

"பதினொன்றில் ஒன்று. ஐந்தாவதாகக் கிடைத்திருக்கிறது" என்று எழுதினார். "பின்னாளில் அடிபட்டு, விவரம் தெரியாத யாரோ தகட்டை மாற்றி மூடியை இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள். அதை அடைத்துவிட்டு வலப்பக்கம் வெட்டினால் அசல் உருவம் வந்துவிடும்."

முதல் வண்டியாகவே இருக்கலாமே என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். "படத்தைப் பாருங்கள் ஐயா" என்று ஒரே வரியில் அவர் வாயை அடைத்தார் கழுகு. இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் படத்தில் எழுத்து எதுவும் இல்லை. இருக்கை நடுவில். எட்டோ, எப்படித் திருப்பினாலும் எட்டு. மிச்சமிருந்தது சாய்ந்து நின்ற ஆள் ஒருவன்தான். அவனை வழக்கம்போல் வெட்டி எறிந்திருந்தார்.

கைதட்டல் குவிந்தது. பேக்கரிக்காரர் போனே போட்டுவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு சார்தான். கழுகு மட்டும் இரண்டாம் நாளே அண்ணன் ஆகிவிட்டார். "அண்ணே, நீங்க சொன்னபடியே செஞ்சிடறேன். தகடு தட்டற டிங்கர் ரெண்டு வாரம் கழிச்சு வர்றார். அவர் வந்ததும் வெட்டிடலாம்." கழுகுக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் படத்தையும் பெரிதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். ஐந்தாம் நாள் காலை, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த படத்தை வாயில் குண்டூசியோடு எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஆளுக்குச் சட்டை தச்சது யாருங்க?"

"ஏன்?"

"பாக்கெட் வலப்பக்கம் இருக்கு. பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறியிருக்கு. வாட்சையும் வலது கையில கட்டியிருக்காரு. ஒண்ணு மாறினா டெய்லர் தப்பு. மூணும் மாறினா போட்டோ தப்பு."

"உனக்கென்ன தெரியும் அந்தக் காலத்து ஃபேஷன்" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். சட்டைப் பாக்கெட் இடப்பக்கம் வந்தது, வாட்ச் இடது கைக்கு வந்தது. பெட்ரோல் மூடியும் இடப்பக்கம் வந்தது, குடோனில் கிடக்கும் கூட்டில் இருப்பதுபோல அச்சு அசலாக.

குடோனில் கிடப்பது முதல் வண்டி. உலகத்திலேயே ஒன்றே ஒன்று. அதுவும் பட்டறையில் தட்டிய தகடு மாறாமல், யார் கையும் படாமல். அதை வெட்டச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் போனை எடுத்திருப்பார்கள். அவரும் எடுத்தார். எழுதினார், அழித்தார். முந்நூறு பேர் கைதட்டிய பதில். வாயை அடைக்கப்பட்ட அந்த மனிதர் என்ன சொல்வார்? டிங்கர் வர இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு, கடையில் கூட்டம். அதற்கு மறுநாள், கண் வலி. இப்படியே ஆயிரம் சாக்கு. படம் மாறியிருப்பதைப் பேக்கரிக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா என்று மனைவி கேட்டபோது, "அப்பவே சொல்லிட்டேன்" என்றார். வெட்கம் கெட்ட வாய், பொய் சொல்லும்போது திக்கக்கூட இல்லை.

பதினோராம் நாள் பேக்கரிக்காரர் ஒரு படம் அனுப்பினார். காரின் வலப்பக்கத் தகட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம். "அண்ணே, இந்த இடம் சரிதானே?"

கழுகு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் யாரோ கண்ணாடி உடைந்துவிட்டது என்று வந்தார்கள். அவசரத்தில், இல்லை, அவசரம் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார், சரி என்பதற்கு ஒரு கட்டைவிரல் குறியைத் தட்டி அனுப்பிவிட்டு எழுந்தார்.

பதினெட்டாம் நாள் செய்தி வந்தது. "அண்ணே, வெட்டியாச்சு!"

அதன்பிறகு இரண்டு வருடம் பேக்கரிக்காரர் ஞாயிறு தவறாமல் படம் அனுப்பினார். எஞ்சின் உட்கார்ந்தது, சக்கரம் வந்தது, பெயிண்ட் காய்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு அண்ணே. ஒவ்வொரு அண்ணேவும் கழுகின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. குழுவில் பதில் சொல்வது குறைந்துபோனது. ஒரு சாதாரண படத்துக்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டார், ஓரத்தில் நிற்கிறவர்களின் சட்டைப் பாக்கெட்டையெல்லாம் உற்றுப் பார்த்தார். கழுகுக்கு வயதாகிவிட்டது என்று கேலி செய்தார்கள்.

வண்டி முடிந்ததும் அழைப்பு வந்தது. "நீங்க வந்து துணியை எடுக்காம நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். அண்ணியையும் கூட்டிட்டு வாங்க." காய்ச்சல் என்றார், லீவு கிடைக்காது என்றார். "ரெண்டு வருஷமா உங்களையே நினைச்சுக்கிட்டிருக்கற மனுஷன், போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மனைவி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குடோனுக்கும் பேக்கரிக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அடுப்புச் சூடு சுவரைத் தாண்டி வந்தது. பேக்கரிக்காரர் கை ரோமத்தில் மாவு ஒட்டியிருக்க ஓடிவந்து, கழுகின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணே, வாங்கண்ணி." மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த துணியால் வண்டியைப் போர்த்தியிருந்தார்கள். ஸ்டூலில் மூன்று கப் டீயும் ஒரு தட்டு பிஸ்கட்டும் இருந்தன.

கழுகு துணியை இழுத்தார். வெளிர் பச்சையில் எட்டாம் எண் வண்டி. வலப்பக்கம் புது மூடி பளபளவென்று இருந்தது. அழகான வண்டி. அவர் வாழ்நாளில் இவ்வளவு பக்கத்தில் பார்த்த முதல் பந்தயக் கார் அதுதான். அவருக்கு அழுகை வந்தது, பேக்கரிக்காரர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மனைவி இடப்பக்கம் போய், தையலைத் தடவிப் பார்ப்பவள்போலத் தகட்டில் விரலை ஓட்டினாள்.

"இங்க ஏதோ ஒட்டுப் போட்டிருக்கே?"

"அண்ணி கண்ணு அண்ணன் கண்ணை மிஞ்சிடும் போலிருக்கே!" என்று சிரித்தார் பேக்கரிக்காரர். "பழைய மூடி அங்கதான் இருந்துச்சு. அண்ணன் சொல்லித்தான் அடைச்சோம்."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். வாயில் குண்டூசி வைத்திருப்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டாள். வெளியாள் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அது இன்னும் அவமானமாக இருந்தது.

பேக்கரிக்காரர் ஒரு கேக் பெட்டியை நீட்டினார். உள்ளே ஒரு மேசைக் கடிகாரம். அதைச் சுற்றி, மெருகேற்றிய அலுமினிய வளையம். "இடப்பக்கம் வெட்டி எடுத்த விளிம்புண்ணே. தூக்கிப்போட மனசு வரலை. நீங்க சொல்லி வெட்டினது, உங்ககிட்டயே இருக்கட்டும்னு நானே உட்கார்ந்து செஞ்சேன்."

கழுகு அதைத் திருப்பினார். வளையத்தின் உள்பக்கம், பெயிண்ட் படாத இடத்தில், சிறிதாக ஒரு கோடு. பட்டறை ஒவ்வொரு வண்டிக்கும் மூடி விளிம்புக்குள் அதன் எண்ணைக் குத்தும். இது ஒன்று.

"அதுவா? டிங்கர் ஏதோ கீறல்னு சொன்னான்."

"கீறல் இல்ல. நம்பர்." குரல் அவருக்கே அன்னியமாகக் கேட்டது. "இது முதல் வண்டி. பதினொண்ணுல ஒண்ணு இல்ல. அந்தப் பழைய போட்டோ இடம் வலம் மாறினது. மூடி இடப்பக்கம்தான் இருந்திருக்கணும். நான் தப்பா சொல்லிட்டேன்."

பேக்கரிக்காரருக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. "அப்போ... உலகத்துலயே ஒண்ணுதானா?"

"ஆமா."

"அதை நான் வெட்டிட்டேனா?"

அவர் வண்டியைப் பார்த்தார், ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. பிறகு, பாவி மனிதர், கழுகின் தோளில் கை வைத்தார். "விடுங்கண்ணே. அந்தப் போட்டோவைப் பார்த்தா யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க? இப்பவாவது நீங்களே கண்டுபிடிச்சீங்களே. வேற யாரு சொல்லியிருப்பா?"

முடிந்துவிட்டது. அவ்வளவுதான். இனி வாயைத் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். குழுவில் எழுதினால் முந்நூறு அல்ல, மூவாயிரம் பேர் கைதட்டுவார்கள். காணாமல்போன முதல் வண்டியைக் கண்டுபிடித்த கழுகு. மனைவியும் வீட்டுக்குப் போகும்வரை பேச மாட்டாள். ஆனால் தோளில் இருந்த கை மாவு வாசனையோடு கனத்தது. அந்த ஆறுதலை அவரால் தாங்க முடியவில்லை.

"இப்பக் கண்டுபிடிக்கலை" என்றார். "வெட்டறதுக்கு முன்னாடியே தெரியும்."

கை தோளிலேயே இருந்தது. "என்னண்ணே சொல்றீங்க?"

"வெட்டறதுக்குப் பதிமூணு நாள் முன்னாடியே தெரியும். இவதான் சட்டையைப் பார்த்துச் சொன்னா. நான் உங்ககிட்டச் சொல்லலை. அசிங்கமாப் போயிடும்னு சொல்லலை. இவகிட்ட சொல்லிட்டதாப் பொய் சொன்னேன்."

பேக்கரிக்காரர் கையை எடுத்தார். போனை எடுத்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். பெயிண்ட், சக்கரம், எஞ்சின், ஞாயிறு ஞாயிறாக இரண்டு வருடம் மேலே ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தி, திரையைக் கழுகின் முன்னால் நீட்டினார். தகட்டில் சாக்பீஸ் வட்டம். கீழே ஒரு கட்டைவிரல்.

"தெரிஞ்சது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அடுப்பிலிருந்து தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டார். கழுகின் கையிலிருந்து கடிகாரத்தை மெதுவாக, பிடுங்காமல், வாங்கிக்கொண்டார். அதைத் தன் ஏப்ரனால் துடைத்துக் காரின் நடு இருக்கையில் வைத்தார். தரையில் கிடந்த துணியை எடுத்து வண்டியின் மேல் போர்த்தத் தொடங்கினார். மனைவி போய் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். கழுகு நின்ற இடத்திலேயே நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

போர்த்தி முடித்ததும் பேக்கரிக்காரர் ஸ்டூலை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணி, டீ ஆறுது, எடுத்துக்குங்க" என்றார். பிறகு, நிமிர்ந்து பார்க்காமல், "நீங்களும் எடுத்துக்குங்க, சார்" என்றார்.