ஞாயிற்றுக்கிழமை அணைத்து வைத்த கணினி

வெள்ளிக்கிழமை காலை என் கணவர் லௌட்டி, வேகவைத்த சேப்பங்கிழங்கைத் தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பு போட்டியா செலேசா, இல்ல கடல்ல தொட்டுக்கணுமா?"

"கடல் தண்ணி குடிச்சு வளந்த வாய்க்கு உப்பு வேற தெரியுமாக்கும்."

"ஞாயித்துக்கிழமை வந்துருவேன். உங்கப்பாகிட்ட சொல்லி வை, மீன் தலை எனக்குத்தான்."

மீன்பிடிப் படகில் அவரோடு இன்னும் இருவர் போனார்கள்.

சமோவா தீவின் ஆப்பியா துறைமுகத்தில், படகுகள் எங்கே இருக்கின்றன என்று திரையில் கவனிக்கும் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. அந்த மென்பொருள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றினுடையது. அங்கிருந்து புதுப் பதிப்பு வந்தால், எங்கள் கணினிக்காரர் மலாக்கி அதை மூலையிலிருந்த பழைய கணினியில் மட்டும் போட்டு ஒரு வாரம் பார்ப்பார்.

"கம்பெனி முத்திரை சரியாத்தானே இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முத்திரை சரிதான்க்கா. குத்துறவன் கைய எவன் பிடிச்சிருக்கான்னு நமக்கென்ன தெரியும்? கெடக்கட்டும்."

ஆனால் அந்த ஒரு வாரம் ஆறு நாள்தான். கர்த்தருடைய நாளில் வேலை கூடாது. அதனால் சனிக்கிழமை மாலை சோதனைக் கணினியை அணைத்துவிடுவோம். படகுகளைக் காட்டும் பெரிய கணினி மட்டும் ஓடும். உயிர் விஷயம் என்பதால் போதகர் ஒப்புக்கொண்டிருந்தார். வானொலியில் ஒவ்வொரு படகையும் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கத்தைத் திரை வந்ததும் விட்டிருந்தோம்.

ஆறு நாளும் குறையில்லாமல் ஓடிய புதுப் பதிப்பை மலாக்கி அந்தச் சனிக்கிழமை பெரிய கணினியில் ஏற்றினார்.

ஞாயிறு, தேவாலயம் முடிந்து சாப்பிட்ட பின் கைபேசியில் பார்த்தேன். லௌட்டியின் புள்ளி வீடு நோக்கி வந்துகொண்டிருந்தது. பவளத் திட்டின் வாயிலில் பத்து நிமிடம் நின்றது. போன ஞாயிறும் அங்கேதான் என்ஜின் நின்றுபோனது. இன்னும் அதைச் சரிபார்க்கவில்லையா என்று சிரித்துக்கொண்டே துறைக்குப் போனேன்.

புள்ளி துறைக்குள் நுழைந்தது. என் காலடியிலிருந்த மரத்தூண் அருகே வந்து நின்றது. நான் தலை நிமிர்ந்தேன். தண்ணீர் தூணை நக்கிக்கொண்டிருந்தது. படகு இல்லை. கைபேசியைப் பார்த்தேன். அவர் எனக்கு எதிரே இருந்தார்.

நான் கூப்பிட்டதும் மலாக்கி தேவாலய வெள்ளை உடையோடு அலுவலகத்துக்கு ஓடி வந்து பழைய பதிப்பைத் திரும்பப் போட்டார். புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடம் மாறின. லௌட்டியின் புள்ளி மட்டும் மறைந்தது. காலை ஒன்பது மணிக்கு, வடக்கே நாற்பது மைலில், அவர் படகிலிருந்த அபாயப் பொத்தானை அழுத்தியிருந்தது அப்போதுதான் திரையில் வந்தது. பதினோரு முறை.

வியாழன் வரை தேடினார்கள். அவர் படகின் ஐஸ் பெட்டி மூடி மட்டும் கிடைத்தது.

அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் முன்பே யாரோ புகுந்திருந்தார்களாம். புதுப் பதிப்பில் அவர்கள் செருகியது ஞாயிறன்று மட்டும் விழித்து, அன்று வரும் அபாய அழைப்பையும் மறைத்து, போன ஞாயிற்றின் தடங்களைக் காட்டும். யாரோ தங்கள் கப்பலை மறைக்க எங்கள் படகுகள் எல்லாவற்றையும் மறைத்தார்கள்.

"ஒரு ஞாயிறு அந்தப் பழைய கணினி ஓடியிருந்தா போதும்க்கா," என்றார் மலாக்கி. அணைக்கும் பொத்தானை எத்தனையோ சனிக்கிழமை நானே அழுத்தியிருக்கிறேன்.

இப்போது சோதனைக் கணினி ஏழு நாளும் ஓடுகிறது. மூன்று மணிக்கொரு முறை படகுகளைக் குரலிலும் கூப்பிடுகிறோம். குரலும் திரையும் ஒத்துப்போகாவிட்டால் திரையை நம்புவதில்லை.

அன்றைய பதிவேட்டை விசாரணைக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் திருத்த முடியாது. அதில் லௌட்டியின் படகு பிற்பகல் மூன்று பத்துக்குக் கரை சேர்ந்தது.