செங்கல்மேல் சாந்து

ஞாயிற்றுக்கிழமை போக்னாவின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். ரிப்னிக் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வரப்போகிறார்கள். அதற்குள் வீட்டு முகப்புச் சுவரை அண்ணன் ஜெனோன் கட்டி முடித்துவிட்டான். ஆனால் சிவப்புச் செங்கல் மேலெல்லாம் சாந்து வழிந்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது.

"பால் குடிச்சிட்டு வாயத் தொடைக்காத பிள்ள மாதிரி இருக்கு உன் செவுரு" என்றாள் போக்னா.

ஜெனோன் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு வந்து கொத்தனார் ஆனவன். வேலையைக் குறை சொன்னால் தாங்கமாட்டான். உடனே வண்டியிலிருந்து ஆசிட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தண்ணி கலக்கணும், கண்ணாடி போடணும்னு அதுல போட்டிருக்கே."

"அத எழுதுனவன் ஒரு செவுராவது கட்டியிருப்பானா? தள்ளிப் போ."

காய்ந்த சுவரில் ஆசிட் பட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. தலைக்கு மேலே இருந்த திட்டை அவன் முரட்டு பிரஷால் பரபரவென்று தேய்க்க, ஆசிட் முகத்தில் தெறித்தது.

"ஐயோ, கண்ணு!"

கசக்கப் போன கையை போக்னா தட்டிவிட்டாள். சட்டைக் காலரைப் பிடித்துத் தோட்டத்துக் குழாய்க்கு இழுத்துப்போய், தலையைச் சாய்த்து, விரலால் இமையைப் பிரித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"விடுடி, ஐஸ் மாதிரி இருக்கு!"

"வாய மூடு. கண்ணத் தெற."

அப்பாவின் அடக்கத்தில்கூட அழாதவன் விசும்பினான். தான் சொன்ன கேலிதான் அவனை இப்படிச் செய்ய வைத்ததோ என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கெஞ்சக் கெஞ்ச, வெகுநேரம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உடனே கழுவியதால் பார்வைக்கு ஆபத்தில்லை என்று சொல்லி, டாக்டரம்மா மருந்து போட்டுக் கண்ணைக் கட்டி அனுப்பினார்.

மறுநாள் போக்னாவே இறங்கினாள். மரக்கட்டையால் சுரண்டியதிலேயே தடித்த சாந்து பாதி உதிர்ந்தது. மீதிக்கு, வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, பின்பக்கத்து மூலையில் ஒரு செங்கலில் தேய்த்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. ஜன்னலுக்கு பாலிதீன் ஷீட் கட்டினாள். செங்கல் ஆசிட்டைக் குடித்துவிடாதபடி சுவரை முதலில் நன்றாக நனைத்தாள். கண்ணாடியும் முழங்கை வரைக்கும் உறையும் மாட்டிக்கொண்டு, கொஞ்ச இடம் தேய்ப்பதும் உடனே கழுவுவதுமாக நகர்ந்தாள்.

ஜெனோன் செர்ரி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எடது பக்கம் விட்டுட்ட பாரு."

"ஒத்தக் கண்ணுக்கே இவ்வளவு தெரியுதா?"

அவன் ஆசிட்டை அப்படியே பூசிய இடத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. செங்கல் மஞ்சள் பாய்ந்து, இடுக்குச் சாந்தும் அரித்துப்போயிருந்தது.

"வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

"நான்தான் கெடுத்தேன்னு சொல்லு" என்றான், அவளைப் பார்க்காமல்.

விருந்தில் சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள். சூப் தட்டோடு அவனே கதையை அளந்தான். "ஆசிட்டுலருந்துகூடத் தப்பிச்சிட்டேன். தண்ணியிலயே மூழ்கடிச்சிருப்பா இவ!"

கட்டு அவிழ்ந்ததும் வந்து, கெட்டுப்போன செங்கல்களைப் பெயர்த்துப் புதுசு வைத்தான். இந்த முறை சாந்து இறுகுவதற்குள் வழிந்ததையெல்லாம் அவ்வப்போது துடைத்தெடுத்தான். போக்னா கிட்டே போய்த் தடவித் தடவிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமே அகப்படாதது அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.