கால் சுற்று

பசுவந்தனையில் வன்னியபெருமாள் வீட்டு முன்கதவும் பின்கதவும், அவர் மகள் பாண்டிச்செல்வியின் பேஸ் கிட்டாரில் கம்பி இரைவது நின்ற அதே நிமிஷத்தில் அடைத்துக்கொண்டன. பங்குனிக் கடைசி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். கோவில்பட்டியில் இன்ஜினீயரிங் படித்தபோது கல்லூரி விழாக்களில் வாசித்துப் பேர் வாங்கியவள், வேலை அமையாமல் வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கரிசல் வெயிலில் கிட்டாரின் மரக்கழுத்து பின்பக்கமாக வளைந்து, தடித்த நான்காம் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் தகடுகளில் உரசிக் கிர்ரென்றது. புதுக் கம்பி மாட்டினாள். கம்பிகளைத் தாங்கும் அடிக்கட்டையில் கம்பியை உயர்த்திப் பார்த்தாள். விரல் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை அலன் கீ என்ற திருகுசாவி போட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினாள். கம்பி சுத்தமாகப் பேசியது. கொல்லைக்குக் கிளம்பிய அவள் அம்மா வெயிலுகந்தம்மாள், "ஏட்டி, கதவு வர மாட்டேங்குது" என்றாள்.

கரிசலில் கதவு இறுகுவது பெரிய விஷயம் இல்லை. மழையில் மண் ஊதும், சுவர் நகரும், நிலை கோணிக்கொள்ளும். ஐப்பசியில் பாதி ஊர் தோளால் இடித்துத்தான் தன் வீட்டுக்குள் போகும். அந்தப் பழக்கத்தில், வெளியே போயிருந்த வன்னியபெருமாள், மூன்று மாதமாகப் பொட்டு மழை இல்லை என்பதையே மறந்துவிட்டு, மண்ணைத் திட்டிக்கொண்டே தச்சர் இசக்கிமுருகனைக் கூட்டிவந்தார். அவர் மூன்று நாள் வெளியே நின்று கதவின் விளிம்பைச் செதுக்கினார். சோறு போகிற அளவுக்கு இடுக்கு விழுந்தது, கதவு மட்டும் அசையவில்லை. உள்ளே சலித்துப்போன பாண்டிச்செல்வி தண்டைப் பழையபடி முறுக்கினாள். கம்பி இரைந்தது, கதவு திறந்தது, அதில் சாய்ந்து நின்ற அப்பா உள்ளே வந்து விழுந்தார். பிறகு கிட்டாரைக் கழுகுமலை வரை பஸ்ஸில் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். எவ்வளவு தூரத்தில் திருகினாலும் அதே கதைதான். வீட்டுக்குள் ஆள் இல்லாவிட்டால் மட்டும் கதவும் அடைக்காது, இரைச்சலும் நிற்காது. இரவல் கிட்டாரும் அவள் கைக்கு வந்தால் அப்படியே நடந்தது.

ஊர் இரண்டு வாரம் பேசி ஓய்ந்தது. பால்காரர், "இன்னைக்கு வாசிப்பா, நடமாட்டமா?" என்று கேட்டுவிட்டு, வாசிப்பென்றால் பாலை இடுக்கு வழியாக ஊற்றினார். இரண்டு வருஷம் இப்படிப் போனது. தினமும் இரண்டு மணி நேரம் அடைபட்டுச் சுத்தமாக வாசிப்பாள். சனிக்கிழமைகளில் தூத்துக்குடி போய், பிரேமா நடத்திய இசைக்குழுவில் கிர்ரென்று வாசிப்பாள். மேடையில் டிரம்ஸ் சத்தம் அதை மூடிவிடும். ஆனால் முதல் பாட்டைப் பதிவுசெய்ய நாள் குறித்ததும் பிரேமா கறாராகச் சொல்லிவிட்டாள். "வர்ற வியாழக்கிழமைக்குள்ள சத்தத்தச் சரிபண்ணு செல்வி. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அம்மாவிடம் சொன்னாள். "நீ அங்கன போயித் திருகிக்கோட்டி. எனக்கென்ன, கதவு தொறந்து கெடந்தாலும் நான் உள்ளதான கெடக்கேன்" என்றாள் வெயிலுகந்தம்மாள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். அதைக் கேட்ட பிறகு பாண்டிச்செல்விக்குக் கை வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கே மூச்சு முட்டியது அவளுக்கு. அம்மாவுக்கு இருபத்தாறு வருஷம்.

திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு ஒத்திகைக்குப் போனாள். அம்மா கண் காட்டக் கோவில்பட்டி போயிருந்தாள், அப்பா புஞ்சைக் காட்டில் இருப்பார். வீடு காலி என்ற தைரியத்தில், இன்றைக்காவது கிட்டாரின் மனம் இரங்காதா என்று திருகினாள். இரைச்சல் நின்றது. அப்படியென்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. திரும்ப முறுக்கியிருக்க வேண்டும். முறுக்கவில்லை. தெரிந்தேதான் வாசித்தாள், மூன்று மணி நேரம், பிறந்ததிலிருந்து வாசிக்காத மாதிரி. சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது.

உர மூட்டை எடுக்க வீட்டுக்கு வந்த வன்னியபெருமாள்தான் மாட்டிக்கொண்டார். போன் காட்டில் மோட்டார் ரூமில் கிடந்தது. கதவை உதைத்தார், ஜன்னல் கம்பியை உலுக்கினார், தெருவில் போனவர்களைக் கூப்பிட்டார், "செல்வி வாசிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவர் அந்த வீட்டுக்குள் அத்தனை நேரம் இருந்ததில்லை. எந்த ஜன்னலில் நின்றாலும் எதிர்ச்சுவர்தான் தெரிகிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் வந்து சேர்ந்தபோது அவர் சத்தம் போடவில்லை. கோவில்பட்டியிலிருந்து திரும்பிய பெண்டாட்டியைத்தான் கேட்டார். "ஏளா, இதுக்குள்ள நீ எப்படி இருந்த?"

"பழகிட்டு" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

வியாழக்கிழமை காலையில் வன்னியபெருமாள் ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு, பெண்டாட்டியை வெளியே போகச் சொன்னார். எங்கே போவதென்று தெரியாமல் அவள் தெருவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த பஸ்ஸில் ஏறிக் கழுகுமலைக்குப் போனாள். அவர் தூத்துக்குடிக்குப் போன் போட்டு, "உள்ள இருக்கேன். திருகு" என்றார். இரண்டு கதவும் அடைக்கிற சத்தம் போனிலேயே அவளுக்குக் கேட்டது. "அடைச்சிட்டு. வாசிட்டி."

அந்தப் பாட்டு வந்தது, அதற்குப் பிறகு எட்டுப் பாட்டு வந்துவிட்டது. வியாழன்தோறும் வன்னியபெருமாள் உள்ளே இருப்பார், வெயிலுகந்தம்மாள் பஸ் ஏறுவாள். இப்போதெல்லாம் சங்கரன்கோவில் வரை போய் ஏழு மணிக்குத்தான் திரும்புகிறாள். கதவு ஐந்து மணிக்கே திறந்துவிடும். அவள் வந்து சேரும்வரை அவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.