முந்தி ஊதிய சங்கு

துடியலூர் மில்லில் ஷிஃப்ட் சங்கை ஊதவைப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. அதில் செருகிய கடிகாரக் கார்டு வேகமாக ஓடுகிறதென்று மேனேஜர் சென்னிமலை புகார் சொன்னதால், பீளமேட்டிலிருந்து இன்ஜினியர் ரிஃபத் வந்தாள். பேட்டரியை மாற்றினாள், கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலையும் மாற்றினாள். அப்போதும் சுவர்க்கடிகாரத்தைவிடச் சங்கு முந்தியே ஊதியது. கேன்டீன் ரேடியோவில் செய்தி சங்கோடு சேர்ந்தே தொடங்கியபோதுதான் புரிந்தது: கார்டு சரி, சுவர்க்கடிகாரம்தான் பின்தங்கியிருந்தது.

“அந்தச் சுவர்க்கடிகார நேரத்துக்குத்தானுங்க அம்மணி ஆளுக வீட்டுக்குப் போகோணும். கார்டையும் அதுக்குத் தக்க வெச்சுப்போடுங்க,” என்றார் சென்னிமலை, கொஞ்சமும் கூசாமல்.

தினமும் சில நிமிடங்கள் கூலியில்லாமல் வேலை வாங்கும் இந்த ஆளுக்கு, உடந்தைக்கு ஒரு படித்தவளும் வேண்டுமாம். ரிஃபத் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

“ரிப்பேருக்குத்தானுங்க வந்தேன். இதுல ரிப்பேரே இல்லீங்க,” என்று பெட்டியை மூடினாள்.

அவள் கேட்டைத் தாண்டும்போது சங்கு ஊதியது. வெளியே வந்த ஆட்களை, இன்னும் நேரமாகவில்லை என்று சென்னிமலை வைதுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.